ஓராண்டு அழகு

1950-களில் அமெரிக்க ஊர்களில் இலையுதிர் காலம் தொடங்கும்போது ஒரு வழக்கம் இருந்தது. கார் விற்கும் கடைகளின் அகன்ற கண்ணாடிகளை உள்ளிருந்து தாள் ஒட்டி மறைத்துவிடுவார்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் புதிய கார்கள் தார்ப்பாய் போர்த்தப்பட்டே லாரிகளில் வந்து இறங்கும். குறித்த நாளில் திரை விலகும். வாங்குகிறவர்கள் சிலரே என்றாலும் ஊரே குடும்பத்தோடு திரண்டு வந்து பார்க்கும். அந்தக் கார் எவ்வளவு நன்றாக ஓடும் என்பதை அறிய அவர்கள் வரவில்லை; சென்ற ஆண்டின் எஞ்சினுக்கும் இந்த ஆண்டின் எஞ்சினுக்கும் பல வேளைகளில் சொல்லத்தக்க வேறுபாடே இராது. முகம் எப்படி மாறியிருக்கிறது, வால் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று காணவே வந்தார்கள்.

கவிதையையும் நாவலையும் திறனாய்ந்து பழகிய நாம் காரையும் திறனாய்வதா என்று வாசகர்கள் புருவம் உயர்த்தலாம். பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரொலான் பார்த் 1957-இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பில் சித்ரோன் நிறுவனத்தின் ஒரு காரை இடைக்காலத்துக் கோதிக் பேராலயங்களோடு ஒப்பிட்டார். முதன்முறை படித்தபோது அந்த ஒப்புமை எனக்கு மிகையாகவே பட்டது. இன்றும் முழுவதுமாக உடன்பாடில்லை. எனினும் ஒரு காலத்து மக்கள் தங்கள் திறமையையும் பொருளையும் ஏக்கங்களையும் எந்தப் பொருளில் கொட்டினார்களோ, அந்தப் பொருளைக் கூர்ந்து நோக்குவது திறனாய்வாளரின் கடமைதான். ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கலாகாது. பேராலயத்தைக் கட்டிய கொத்தர், தம் பேரனும் அதில் வேலை செய்வான் என்று எண்ணிக் கல்லடுக்கினார். டெட்ராய்ட் நகரத்து வடிவமைப்பாளரோ, தாம் வரையும் கோடு பன்னிரண்டு மாதத்தில் பழையதாகிவிட வேண்டும் என்ற ஏற்பாட்டின் கீழ் வரைந்தார். இந்த இரண்டாவது நிலையில் பிறக்கும் அழகு எத்தகையது என்பதே நம் வினா.

கதை ஹென்றி ஃபோர்டிடமிருந்து தொடங்குகிறது. 1908-இல் வெளிவந்த அவருடைய டி மாதிரிக் கார் 1927 வரை அடிப்படையில் ஒரே காராகவே நீடித்தது. ஒன்றரைக் கோடி கார்கள் வெளிவந்தன. 1914 முதல் 1925 வரை கறுப்பு ஒன்றே நிறம். தொடக்கத்தில் 850 டாலராக இருந்த விலை 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்தது. உழவரும் தொழிலாளியும் கார் வாங்கினர். ஆனால் இந்த வெற்றிக்குள்ளேயே ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. வாங்கக்கூடியவர்களில் பெரும்பாலோர் வாங்கி முடித்த பின் யாருக்கு விற்பது? உறுதியாகச் செய்யப்பட்ட கார் ஓடிக்கொண்டே இருந்தது. புதிய காருக்குப் போட்டி, நன்றாக ஓடுகிற பழைய கார்தான்.

1923-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவரான ஆல்பிரட் ஸ்லோன் இதை எவரையும்விடத் தெளிவாகக் கண்டார். தவணைக் கடன், பழைய காரைப் பெற்றுக்கொண்டு புதியதைத் தருதல், கூரையும் கண்ணாடியும் கொண்ட மூடிய உடல், ஆண்டுதோறும் புதிய மாதிரி ஆகிய நான்கும் ஃபோர்டின் உலகைக் கவிழ்த்தன என்று தம் நினைவு நூலில் அவரே எழுதினார். வேதியியலும் துணைநின்றது. டூபாண்ட் நிறுவனத்தின் டூக்கோ என்னும் விரைவில் உலரும் வண்ணப்பூச்சு வந்ததும், வாரக்கணக்கில் காயவைக்க வேண்டிய உடல்கள் மணிக்கணக்கில் காய்ந்தன; 1924-ஆம் ஆண்டு மாதிரி ஓக்லாண்ட் கார்கள் நீல நிறத்தில் வெளிவந்தன. ஃபோர்டு 1927-இல் டி மாதிரியை நிறுத்தி, தொழிற்சாலையை மாதக்கணக்கில் மூடிவைத்து, புதிய காருக்காகத் தம்மை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஸ்லோனிடம் நான் மதிப்பது அவருடைய ஒளிவுமறைவின்மையை. புதிய மாதிரி, பழையதன் மேல் ஓரளவு மனக்குறையை உண்டாக்குமளவுக்குப் புதிதாக இருக்க வேண்டும் என்பதை அவர் மறைக்கவில்லை. அதே வேளையில், அது பழைய கார்களின் மறுவிற்பனை விலையை அடியோடு சரித்துவிடும் அளவுக்கு மாறிவிடவும் கூடாது. அளவறிந்து மனக்குறையைப் புகட்டுவது ஒரு நிருவாகக் கலையாயிற்று.

இந்த ஏற்பாட்டின் உள்வேலையை அறியாமல் அந்தக் கார்களின் வடிவத்தை அறிய முடியாது. காரின் உடல் எஃகுத் தகட்டை மாபெரும் அச்சுகளில் அழுத்திச் செய்யப்படுகிறது. அந்த அச்சுகளைச் செதுக்குவதே பெருஞ்செலவு. கூரை, கதவு, முன்கண்ணாடியைத் தாங்கும் தூண் ஆகியவற்றின் அச்சுகளை ஆண்டுதோறும் மாற்றக் கட்டுப்படியாகாது. எனவே ஓர் உடலைச் சில ஆண்டுகள் வைத்துக்கொண்டு, இடையிலுள்ள ஆண்டுகளில் எளிதில் கழற்றி மாட்டக்கூடியவற்றை மட்டும் மாற்றினார்கள்: முகப்புக் கம்பிவரிசை, பம்பர், பின்விளக்கு, பக்கவாட்டில் ஓடும் குரோமியப் பட்டை, சக்கர மூடி. போதாக்குறைக்கு ஷெவர்லே, பான்டியாக், பியூக் என்று வெவ்வேறு பெயரில் விற்ற கார்கள் அடியில் உடலின் பெரும்பகுதியைப் பகிர்ந்துகொண்டன. ஆகவே வேறுபாடு முழுவதும் மேற்பரப்பிலும் விளிம்பிலும் தோன்ற வேண்டியிருந்தது. அக்காலத்துக் காரின் நடுப்பகுதி அமைதியாகவும், இரு முனைகளும் கூச்சலிடுவனவாகவும் இருப்பதன் காரணத்தைக் கலைஞரின் மனப்போக்கில் மட்டும் தேட வேண்டியதில்லை. அச்சுச் செலவுக் கணக்கிலும் தேடலாம்.

அந்த முனைகளுக்கு உயிர் கொடுத்தவர் ஹார்லி ஏர்ல். 1893-இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். தந்தையின் வண்டிப்பட்டறையில் ஹாலிவுட் நடிகர்களுக்குத் தனித்தனியாகக் கார் உடல்களை வடித்துக் கொடுத்துத் தேர்ந்தவர். தகட்டை வளைப்பதற்கு முன் களிமண்ணில் முழுக் காரையும் உருவாக்கிப் பார்க்கும் முறையை அவர் கையாண்டார். அதனால் பானெட்டும் முன்சக்கர மூடியும் கதவும் விளக்கும் தனித்தனி உறுப்புகளாய் ஒட்டவைத்தாற்போல் இராமல் ஒரே உருவமாய் இழைந்தன. 1927-இல் லாசால் காரை வடிவமைத்த அவருக்காக அவ்வாண்டே ஜெனரல் மோட்டார்ஸ் 'கலை, நிறப் பிரிவு' ஒன்றை ஏற்படுத்தியது. 1958 இறுதி வரை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அமெரிக்கச் சாலைகளின் தோற்றத்தை இவ்வளவு ஆழமாகத் தீர்மானித்த வேறொருவர் இல்லை. காரை நீளமாக்கு, தாழ்வாக்கு என்பதே அவருடைய வாழ்நாள் கொள்கை. 1938-இல் அவர் செய்த பியூக் ஒய்-ஜாப் என்னும் முன்மாதிரியைப் படத்தில் பார்க்கும் எவரும், அது போருக்கு முந்திய கார் என்பதை நம்பத் தயங்குவர்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டெட்ராய்ட் அருகே ஒரு விமானத்தளத்தில், லாக்ஹீட் நிறுவனத்தின் பி-38 போர்விமானத்தை ஏர்லும் அவருடைய உதவியாளர்களும் கண்டனர். இரட்டை உடல், ஒவ்வொன்றின் கடைசியிலும் நிமிர்ந்த சுக்கான். அந்தக் காட்சி அவர்கள் மனத்தில் தங்கியது. 1948-ஆம் ஆண்டுக் காடிலாக்கின் பின்புறத்தில் அது சிறியதொரு மேடாக எழுந்தது. பின்விளக்கைத் தாங்கும் ஒரு தலைதூக்கல், அவ்வளவே. வால்துடுப்பு அப்படித்தான் பிறந்தது. விமானத்தில் சுக்கானுக்கு வேலை உண்டு. மணிக்கு அறுபது மைல் ஓடும் காரில் அந்த மேட்டுக்கு வேலை ஏதுமில்லை. ஆனாலும் அந்த 1948-ஆம் ஆண்டு வடிவத்தை நான் குறை கூறத் துணியேன். அது உருவகம். நிலாவை முகம் என்று கவிஞர் சொன்னால் நாம் வானவியல் கேட்பதில்லை.

உருவகம் எங்கே பழுதுபடுகிறது என்பதை ஒரே காரின் மூன்று ஆண்டுகளில் காணலாம். 1955, 1956, 1957 ஆகிய ஆண்டுகளின் ஷெவர்லே அடிப்படையில் ஒரே உடல். 1955-ஆம் ஆண்டுக் கார் முற்றிலும் புதிது. எட் கோல் தலைமையில் உருவான புதிய எட்டு உருளை எஞ்சின் அதில் இருந்தது. முகப்பில் சிறு கட்டங்களாலான எளிய கம்பிவரிசை; இத்தாலிய ஃபெராரியை நினைவூட்டுவது. பக்கவாட்டில் இடுப்பருகே ஒரு சிறு இறக்கம். அந்த ஒரே அசைவில் கார் முழுவதும் உயிர்பெற்றது. பழைய மெய்யியல் வகுப்புகளில் புனித தோமா அக்குவினா சொன்ன அழகின் மூன்று இயல்புகளைப் படித்திருக்கிறோம்: முழுமை, இசைவு, ஒளி. அவர் காரைக் கண்டதில்லை என்றாலும் இந்தக் கார் அம்மூன்றிலும் தேறும் என்றே நினைக்கிறேன். கூட்டவோ குறைக்கவோ தோன்றாத வடிவம் அது.

ஆனால் கூட்டியாக வேண்டும். 1956-இல் முகப்புக் கம்பிவரிசை காரின் முழு அகலத்துக்கும் நீட்டப்பட்டது. 1957-இல் பானெட்டின் மேல் இரு குண்டு வடிவங்கள், பம்பரில் இரு முனைகள், பின்னால் கூர்மையான துடுப்புகள், உயர்விலைப் பெல் ஏர் வகையில் துடுப்பின் பக்கத்தில் பளபளக்கும் அலுமினியத் தகடு. பெட்ரோல் ஊற்றும் மூடியை இடப்பக்கத் துடுப்பின் ஓரப்பட்டைக்குள் ஒளித்துவைத்த குறும்பும் உண்டு. அறியாதவர் தேடித் தேடிக் களைத்துப்போவார். இந்த 1957-தான் பின்னாளில் சேகரிப்போரின் செல்லமாயிற்று என்பதை அறிவேன். எனக்கென்னவோ அது, நல்ல வாக்கியமொன்றில் யாரோ அடைமொழிகளைச் செருகியது போலவே தோன்றுகிறது. அடைமொழிகள் அழகியவைதாம். வாக்கியம் அவற்றைக் கேட்கவில்லை.

அதன் பின் நடந்தது ஓட்டப்பந்தயம். போட்டி நிறுவனமான கிரைஸ்லரில் வர்ஜில் எக்ஸ்னர் 1957-க்கு வடித்த கார்கள் தாழ்ந்தும் மெலிந்தும், பின்னோக்கி உயரும் பெருந்துடுப்புகளோடும் வந்தன. 1960 இப்போதே வந்துவிட்டது என்று பிளிமத் விளம்பரம் செய்தது. 1956 கோடையில் ஜெனரல் மோட்டார்ஸின் இளம் வடிவமைப்பாளர் சக் ஜோர்டன், கிரைஸ்லரின் வளாக வேலிக்கப்பால் வரிசையாக நின்ற அந்தக் கார்களைத் தற்செயலாகக் கண்டார். தங்கள் சொந்த வரைபடங்கள் அந்தக் கணத்திலேயே கிழடாகிவிட்டதை உணர்ந்தார். சக ஊழியர்களும் போய் வேலி வழியே பார்த்தனர். ஏர்ல் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் 1959-க்கான திட்டங்களைக் கீழிருந்தவர்கள் மாற்றத் தொடங்கிவிட்டார்கள். பிறருக்கு மனக்குறை ஊட்டும் தொழிலைச் செய்தவர்கள், அந்த மனக்குறையைத் தாங்களே வேலிக்கு வெளியே நின்று உண்டார்கள். இந்நிகழ்ச்சியைவிடப் பொருத்தமான காட்சியை ஒரு நாவலாசிரியரும் எழுதியிருக்க முடியாது. அந்தக் கிரைஸ்லர் கார்கள் அவசரத்தில் செய்யப்பட்டமையால் விரைவில் துருப்பிடித்து நீர் ஒழுகின என்பது கதையின் மறுபக்கம்.

1958-ஆம் ஆண்டுப் பியூக்கின் முகப்பில் 160 குரோமியச் சதுரங்கள் பதிக்கப்பட்டிருந்தன. அதைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை. 1959-ஆம் ஆண்டுக் காடிலாக் வேறு. பதினெட்டே முக்கால் அடி நீளம். துடுப்புகள் அதற்கு முன்னும் பின்னும் எட்டாத உயரம். ஒவ்வொரு துடுப்பிலும் ராக்கெட் நெருப்புப் போல இரு சிவப்பு விளக்குகள். அதை அருவருப்பானது என்று ஒதுக்கும் அறிஞர்களோடு என்னால் சேர முடியவில்லை. அதில் ஒரு துணிவு இருக்கிறது. திருவிழாத் தேரின் மிகையைப் பழித்து யாரும் பேசுவதில்லை. ஆனால் அது உச்சி. அதற்கு மேல் போக இடமில்லை. அடுத்த ஆண்டே துடுப்புகள் தாழ்ந்தன, 1965-இல் காடிலாக்கிலிருந்து அறவே மறைந்தன. 1959-இல் பெருமிதத்தோடு அதை வாங்கியவர், துடுப்புக் குறையக் குறையத் தம் கார் நகைப்புக்குரியதாவதைத் தவணை கட்டியவாறே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே எட்சல் காரைச் சொல்லாமல் விடலாகாது. இலக்கிய இதழில் அதற்கு உரிமையே உண்டு. ஃபோர்டு நிறுவனம் தன் புதிய காருக்குப் பெயர் வைக்க 1955-இல் கவிஞர் மரியான் மூரை நாடியது. அந்த மூதாட்டி மிகுந்த ஈடுபாட்டோடு பெயர்களை எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். 'அறிவார்ந்த திமிங்கிலம்' அவற்றில் ஒன்று. கடைசியாக வந்தது 'யூட்டோப்பியன் டர்ட்டில்டாப்', அதாவது கனவுலகத்து ஆமைமுதுகு! நிறுவனம் அவருக்குப் பூங்கொத்து அனுப்பிவிட்டு, மறைந்த எட்சல் ஃபோர்டின் பெயரைக் காருக்குச் சூட்டியது. 1957 செப்டம்பரில் வெளிவந்த அந்தக் காரின் முகப்பு நடுவில் செங்குத்தான வளையமொன்று இருந்தது. மக்கள் அதைக் குதிரையின் கழுத்துவளையம் என்று கேலி செய்தார்கள். 1959 நவம்பரில் கார் கைவிடப்பட்டது. இழப்பு ஏறக்குறைய 25 கோடி டாலர் என்று கணக்கிடுவர். பொருளாதாரத் தேக்கம் உட்பட அதன் தோல்விக்குக் காரணங்கள் பல. எனக்குப் படுவது ஒன்று: வேறாகத் தோன்ற வேண்டும் என்ற ஒரே நோக்கோடு செய்யப்பட்ட முகம் அது, எதைப் போல இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இல்லை. ஆமைமுதுகு என்று பெயர் வைத்திருந்தாலாவது ஓர் உருவகம் எஞ்சியிருக்கும்.

இந்தக் கார்களுக்கு வலுவான வழக்குரைஞர் ஒருவர் இருந்தார். ஆங்கிலேயத் திறனாய்வாளர் ரெய்னர் பேனம் 1955-இல் எழுதிய கட்டுரையில், என்றும் நிலைக்கும் கலைக்கான அளவுகோலைக் கொண்டு இவற்றை அளப்பது தவறு என்று வாதிட்டார். இவை பயன்படுத்திக் களைவதற்கான கலை. வேகத்தையும் வலிமையையும் பற்றிய மக்கள் கனவுகளோடு நேரடியாகப் பேசும் கலை. அந்த மொழியறிந்தே இவற்றை மதிப்பிட வேண்டும் என்பது அவர் கருத்து. நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் 1951-இல் எட்டுக் கார்களைக் கலைப்பொருள்களாகக் காட்சிக்கு வைத்தபோது, ஐரோப்பியக் கார்களோடு அமெரிக்காவின் பழைய கார்டும் லிங்கன் கான்டினென்டலும் இராணுவ ஜீப்பும் இடம்பெற்றன. ஆண்டு மாற்றத்தின் குழந்தைகளை அது அழைக்கவில்லை. அலங்காரம் என்று எதுவுமே இல்லாத ஜீப்பை உயர்த்திவிட்டு, மக்கள் விரும்பிய காரைப் புறந்தள்ளும் அந்த உயர்குடிச் சுவையைப் பேனம் எதிர்த்தது நியாயமே. ஸ்டூடிபேக்கரின் எளிய வடிவங்களுக்குப் புகழ்பெற்ற ரேமண்ட் லோவி, அக்காலத்துக் கார்களைச் சக்கரம் பூட்டிய இசைப்பெட்டிகள் என்று சாடியபோதுகூட, அந்தச் சாடலில் கொஞ்சம் தொழில்போட்டியும் கலந்திருந்ததாகவே நினைக்கிறேன்.

பேனமின் வாதத்தை நான் எளிதில் தள்ளமாட்டேன்; நிலையாமையை அழகுக்கு எதிரி என்று கொள்ளும் மரபு நம்முடையதன்று. வைகறையில் வாசலில் இடும் கோலம் பத்து மணிக்குள் கால்பட்டு அழிகிறது. மாலை சூடிய பூ மறுநாள் வாடுகிறது. ஓராண்டே வாழும் அழகு என்பதால் மட்டும் ஷெவர்லேயின் துடுப்பைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் இங்கே இரண்டைக் கவனிக்க வேண்டும். இன்றைய கோலம் நேற்றைய கோலத்தை எள்ளி நகையாடுவதற்காக இடப்படுவதில்லை. நேற்றையது தன் பொழுதை நிறைவாக வாழ்ந்து மறைந்தது. மேலும், கோலம் மாவினால் ஆனது. எறும்பு தின்னட்டும் என்றே இடுகிறோம். கார் எஃகினால் ஆனது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைக்க வல்லது. உடல் நீண்டநாள் வாழும். அதன் அழகு மட்டும் ஓராண்டில் சாகுமாறு அமைக்கப்பட்டது. பொருள் அழிவதற்கு முன் அதன் மதிப்பை அழிப்பதைப் பயன்படுத்திக் களையும் கலை என்று சொல்ல என் நா எழவில்லை. களையப்படுவது கார் அன்று, அதை வைத்திருப்பவரின் மனநிறைவு.

இதன் சுமை எல்லார் மேலும் ஒன்றாக விழவில்லை. பின்விளக்கைப் பார்த்தே காரின் ஆண்டைச் சொல்லிவிடுவார்கள் அக்காலத்து அமெரிக்கச் சிறுவர்கள். விளையாட்டாகத் தோன்றும் இத்திறமை ஒரு சமுதாயக் கணக்கு. புதிய காரை வாங்கியவர் இரண்டு மூன்று ஆண்டில் கொடுத்து மாற்றிக்கொண்டார். அது இரண்டாம் கைக்கும், பிறகு மூன்றாம் கைக்கும் போயிற்று. மூன்றாம் கையில் இருந்த ஏழைத் தொழிலாளியின் வீட்டு வாசலில் நின்ற கார், அவர் எத்தனை ஆண்டு பின்தங்கியிருக்கிறார் என்பதைத் தெருவுக்கெல்லாம் துடுப்பின் உயரத்தால் அறிவித்தது. டி மாதிரி ஓடிய காலத்தில் புதியதையும் பழையதையும் தூரத்திலிருந்து பிரித்தறிவது எளிதாயிருக்கவில்லை. ஒரே கறுப்பு, ஒரே வடிவம். ஃபோர்டு அதைச் சமத்துவத்துக்காகச் செய்யவில்லை என்பதும் உண்மைதான்.

பணமாகக் கணக்கிட்டுப் பார்த்தவர்களும் உண்டு. ஃபிஷர், கிரிலிக்கஸ், கேசன் என்னும் மூன்று பொருளியலறிஞர்கள் 1962-இல் வெளியிட்ட ஆய்வில், 1949-ஆம் ஆண்டுக் காரே அதே அளவிலும் ஆற்றலிலும் தொடர்ந்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று வினவினர். 1956 முதல் 1960 வரை ஆண்டுக்கு ஏறக்குறைய 500 கோடி டாலர் என்பது அவர்களுடைய விடை. வாங்குவோர் கொடுத்த விலையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இந்த மாற்றங்களுக்கே போயிற்று. இத்தொகையில் தோற்றம் மட்டுமன்றி நீளம், எடை, குதிரைத்திறன், கூடுதலாக எரிந்த பெட்ரோல் ஆகியனவும் அடங்கும். அதை வீண் என்று அவர்கள் தீர்ப்பிடவில்லை. விரும்பித்தானே வாங்கினார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

ரால்ஃப் நேடர் அப்படி விடவில்லை. 1965-இல் வந்த அவருடைய நூல், வடிவமைப்பாளர்களுக்கு நிறுவனங்களில் இருந்த செல்வாக்கு பாதுகாப்புப் பொறியாளர்களுக்கு இல்லை என்பதை அடுக்கிக் காட்டியது. நின்றுகொண்டிருந்த காடிலாக்கின் துடுப்பில் மிதிவண்டியோடு மோதி இறந்த ஒரு சிறுமியையும் அந்நூல் பதிவு செய்கிறது. துடுப்பு உச்சியைத் தொட்ட அதே 1959-இல்தான் சுவீடனின் வோல்வோ நிறுவனம் மூன்றுமுனை இருக்கைப் பட்டையைத் தன் கார்களில் பொருத்தத் தொடங்கியது. திறமைக்கு எங்கும் பஞ்சமில்லை. எதன் மேல் செலவிட்டார்கள் என்பதிலே வேறுபாடு. அமெரிக்கா 1966-இல் சட்டம் இயற்றிக் கார்களின் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது.

மாறாமையே மாற்று என்று இதற்குள் ஒரு குரல் எழுந்திருந்தது. செருமானிய வோக்ஸ்வாகன், ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றாததையே பெருமையாக்கி 1959-க்குப் பின் அமெரிக்காவில் விளம்பரம் செய்து வென்றது. மெச்சத்தக்கதே. ஆயினும் மாறாமையை அறமாக்குவதில் எனக்குத் தயக்கம் உண்டு, ஏனெனில் மாறாமையோடு வாழ்ந்தவர்கள் நாம். ஆங்கிலேய மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் அச்சுகளிலிருந்து பிறந்த அம்பாசடர், 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை ஏறத்தாழ ஒரே முகத்தோடு நம் சாலைகளில் வந்தது. அது எளிமையின் வெற்றி என்று யாரும் கொண்டாடவில்லை. வேறு கார் கிடைக்காத நிலையில், பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் வரிசையில் காத்திருந்தார்கள். அளவுக்கு மிஞ்சிய தேர்வும், தேர்வே இல்லாமையும் வாங்குபவரை மதிக்காதவையே.

அந்த அமெரிக்கத் துடுப்பு நம்மிடமும் வந்தது என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். நம் சிற்றூர்களில் முதியோர் காரைப் 'பிளசர்' என்றே வழங்கிவந்தனர். இன்பத்துக்குரிய அந்த ஆங்கிலச் சொல், வண்டியின் பெயராகவே தமிழில் தங்கிவிட்டது. அப்பெயருக்குப் பிற்காலத்தில் உரியதாயிருந்த கார்களில் ஒன்று பிரிமியர் பத்மினி. இத்தாலிய ஃபியட் 1100-இன் உடல் அது. அதன் பின்புறத்தை நினைவிலிருந்து மீட்டுப் பாருங்கள்: டிக்கியின் இருபக்கமும் தகடு மெல்ல நிமிர்ந்து, ஒரு சிறு முனையில் முடியும். 1950-களில் உலகையே தொற்றிய டெட்ராய்ட் துடுப்பின் ஏழை உறவு அது. பிறந்த நாட்டில் 1960-களின் நடுவிலேயே பழங்கதையான அந்தக் கோடு, மும்பையின் கறுப்பு மஞ்சள் வாடகைக் கார்களின் முதுகில் 2023 வரை ஓடிக்கொண்டிருந்தது.

கியூபாவில் நடந்தது இதனினும் வியப்பு. 1960-இல் தொடங்கிய அமெரிக்கப் பொருளாதாரத் தடைக்குப் பின் அத்தீவுக்குப் புதிய அமெரிக்கக் கார்களும் உதிரிப் பாகங்களும் வருவது நின்றது. ஆனால் அங்கே ஏற்கெனவே வந்திறங்கியிருந்த 1950-களின் ஷெவர்லேக்களும் பியூக்குகளும் பிளிமத்துகளும் ஓட்டத்தை நிறுத்தவில்லை. சோவியத் வண்டிகளின் எஞ்சினைப் பொருத்தினார்கள். கிடைக்காத பாகத்தைப் பட்டறையில் தாங்களே அடித்துச் செய்தார்கள். பன்னிரண்டு மாதத்தில் கசந்துபோக வேண்டும் என்று கணக்கிட்டு வரையப்பட்ட வடிவங்கள், பேரன்மார் காலத்திலும் ஹவானாக் கடற்கரைச் சாலையில் ஓடின. புதிய மாதிரி வரவே இல்லை. ஆகவே பழையது பழையதாகவும் இல்லை. 1955-க்கும் 1957-க்கும் உள்ள ஏற்றத்தாழ்வு அங்கே பொருளிழந்துபோயிற்று. இரண்டும் கார், அவ்வளவுதான். எது நன்றாக ஓடுகிறதோ அது நல்லது.

அந்தப் பட்டறைகளின் நிழற்படங்களை நான் நெடுநேரம் பார்த்திருக்கிறேன். நம்மூர் டிங்கரிங் பட்டறைதான். மரத்தடி, சுத்தியல், வெல்டிங் பொறி, தரையெல்லாம் எண்ணெய்க் கறை. எஞ்சின் மாறிவிட்டது, இருக்கை மாறிவிட்டது, வண்ணம் வீட்டுச் சுவருக்கு அடிப்பது போல் தூரிகையால் பூசப்பட்டிருக்கிறது. பின்பக்கம் துருவேறி ஓட்டை விழுந்த இடத்தில் ஒருவர் புதிய தகட்டை வைத்து, துடுப்பின் வளைவு பிசகாதபடி, சிறு சிறு அடியாக அடித்துக்கொண்டிருக்கிறார். வெட்டி எறிந்திருந்தால் வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.